சனிக்கிழமைப் பெரட்டு

வாசுகி நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்லவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதனை எட்டு வருடம் நெஞ்சுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டே, அவன் எதிரே வரும்போதெல்லாம் "வாங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தவளை வெறும் நல்லவள் என்று சொல்லி முடிப்பது மரியாதைக் குறைவு. நான் பார்த்தவர்களிலேயே பழிவாங்கத் தெரிந்த ஒரே ஆள் அவள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில், பிரிஞ்சாங்கிலிருந்து கோலா தெர்லா போகும் மலைச் சாலையில் இடது பக்கம் ஏறினால் ஹெதர்லி தேயிலைத் தோட்டம் வரும். அங்கே இருக்கும் தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக நான் ஆசிரியை. வந்த புதிதில் லயத்து வரிசை வீடுகளில் அறுபது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இப்போது பதினொன்று. மற்ற வீடுகளில் பங்களாதேஷ்காரர்களும் நேப்பாளக்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் லயத்துக் கடைசி வீடு வாசுகியுடையது. கொழுந்து வெட்டுகிறாள். குள்ளமான உருவம். அதிகம் பேசமாட்டாள், பேசினால் கேட்டவர் இரண்டு நாள் யோசிப்பார்.

அவள் கணவன் பசுபதி, தேயிலைக்கு இடையில் களையைக் கொல்லும் புல்லு மருந்து அடிப்பவன். முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு பதினேழு வருடம் அந்த மேட்டில் ஏறி இறங்கினான். அதே மருந்தை அதைச் செய்து அனுப்பும் நாட்டில் ஒருவரும் தெளிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. செய்து கப்பலேற்ற மட்டும் தடையில்லை. இது எனக்கே பிறகுதான் தெரியும்.

கதையில் அடுத்தவர் ஆண்டியப்பன். தோட்டத்து ஆபீஸ் கிராணி. ஆள் பதிவு, பண்டக அறைச் சாவி, பெரிய ஆபீசுக்குப் போகும் கடிதம் எல்லாம் அவர் கையில். மாரியம்மன் கோயில் தலைவரும் அவரே. லயத்தில் யாருக்கு எந்தத் தாள் வேண்டுமென்றாலும் அவர்தான் எழுதுவார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் வழக்கம் கிடையாது. கிராணி எழுதினால் சரி. அவருடைய அம்மாவும் இதே முதலாம் லயத்தில் இருந்து கொழுந்து எடுத்தவள்தான் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

2016 அக்டோபர், தீபாவளிக்கு முந்திய திங்கட்கிழமை. ஏழாம் எண் பம்பு அடியில் ஒழுகியது. வெள்ளிக்கிழமையே பசுபதி சொல்லியிருந்தான். திங்கட்கிழமை காலை மறுபடி சொன்னான்.

"புது பம்பு வருது லா. தீபாவளி முடியட்டும். இன்னிக்கு ஒரு நாள் ஓட்டு" என்றார் கிராணி.

அன்றைக்கு மழை. சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. எது மழை, எது மருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றியபோது தோல் வெந்திருந்தது. நான்காம் நாள் சிறுநீர் நின்றது. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். தீபாவளியன்று அவனால் மூச்சு விட முடியவில்லை. பதினோராம் நாள், நவம்பர் நான்காம் தேதி வெள்ளிக்கிழமை விடியலில் செத்துப்போனான்.

எட்டு மணிக்கெல்லாம் ஆண்டியப்பன் தன் காரில் ஈப்போவுக்கு வந்துவிட்டார். கையில் மலாயில் தட்டச்சு செய்த ஒரு தாள். ஆஸ்பத்திரி நடையில் வாசுகியைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார்.

"தங்கச்சி, வேலைல நடந்துச்சுன்னு சொன்னா போலீஸ் வரும், லேபர் ஆபீஸ் வரும், அறுத்துப் பாப்பாங்க. இன்னிக்கு பாடி கெடைக்காது. நாளைக்கு என்ன கெழமைன்னு பாத்துக்க."

நாளை சனிக்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது. வீட்டிலிருந்து ஒரு துணையைக் கூட்டிக்கொண்டுதான் போகும். அப்போது வாசுகியின் வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள்: ஒன்பது வயது மகள் தாமரை. மூன்று நாளாகக் காய்ச்சலில் பக்கத்து வீட்டு மணியம்மாவின் பாயில் கிடந்தாள்.

"என்ன எழுதிருக்குண்ணே?"

"அவனே மருந்த எடுத்துக் குடிச்சிட்டான்னு. ஒரு வார்த்தைதானே. செத்தவனுக்கு என்ன தெரியப்போவுது? நீ கையெழுத்துப் போட்டின்னா மத்தியானத்துக்குள்ள நான் எடுத்துத் தரேன்."

வாசுகி கையெழுத்துப் போட்டாள். தெரிந்துதான் போட்டாள். சனிக்கிழமை பிணம் எடுத்தால் பாடையில் ஒரு கோழியைக் கட்டித் துணைக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, கோழியைக் கட்டியிருக்கலாமே என்று மணியம்மா பிறகு கேட்டபோது, "புள்ள கொதிக்கிறப்ப கோழிய நம்ப முடியுமாக்கா?" என்றாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பசுபதியை எரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தாமரைக்குக் காய்ச்சல் விட்டது.

சவ வண்டி, பந்தல், பூமாலை எல்லாம் ஆண்டியப்பன் ஏற்பாடு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதில் அவர் தேர்ந்தவர். அதோடு நிறுத்தியிருந்தால்கூட வாசுகி ஒருவேளை விதியே என்று இருந்திருப்பாள். பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்தியில் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்கச் சொன்னார்:

"கோழைப்பய. பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாத்தானா?"

பரிமாறிக்கொண்டிருந்த வாசுகி கரண்டியைச் சாம்பார் வாளிக்குள் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். நான் அப்போது பந்தியில் இருந்தேன். அந்தப் பார்வையை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் மறுவாரமே தோட்டத்தை விட்டுப் போயிருப்பார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. குடித்துச் செத்தான் என்றால் ஏன் குடித்தான் என்று கேட்கும். என்ன மனக்கஷ்டமோ என்று ஆரம்பித்து, அவள் எப்படிப்பட்டவளோ என்று முடியும். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்துக்கொண்டிருந்த தாமரை ஒருநாள் மேசையருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கப்பா எங்கமேல கோவத்துலயா குடிச்சாரு?"

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். வாசுகி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அப்பா குடிக்கல, கிராணி பொய் சொல்றாருன்னு அவகிட்ட சொல்லிட்டேன் டீச்சர். நான் தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. அப்பனப் பத்திப் பொய் எழுதுன தாள்ல ஆத்தா கையெழுத்துன்னு தெரிஞ்சா என்னை எப்படிப் பாப்பா?"

மணியம்மா அவளுக்குச் சொன்ன யோசனை எளிமையானது: அவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடு. வாசுகி கேட்கவில்லை.

"மண்ணு காத்துல போயிடும்க்கா. குடிக்கலன்னு அவன் வாயால சொல்லணும். நாலு பேரு முன்னால சொல்லணும்."

அதுதான் அவளுக்கு வேண்டியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூன்று வருடம் வழி தெரியாமல் இருந்தாள்.

2019 செப்டம்பரில் ஈப்போவிலிருந்து தர்ஷினி என்ற இளம் வழக்கறிஞர் வந்தாள். லண்டனில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தோடு சேர்ந்து, மருந்து அடிப்பவர்களைத் தோட்டம் தோட்டமாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என் வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் வாசுகியை வைத்துக்கொண்டு விளக்கினாள். ஹெதர்லி தோட்டம் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரக் கம்பெனி லண்டனில் இருக்கிறது. பிள்ளைக் கம்பெனி செய்த தப்புக்குத் தாய்க் கம்பெனியை அதன் ஊர் நீதிமன்றத்திலேயே கேட்கலாமா என்பதுதான் இப்போது உலகம் முழுக்கச் சண்டை. ஆப்பிரிக்காவில் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் போட்ட வழக்கில், கேட்கலாம் என்று லண்டன் உச்ச நீதிமன்றம் அந்த வருடம்தான் சொல்லியிருந்தது.

"இங்கயே கேஸ் போட்டா என்ன?" என்று நான் கேட்டேன்.

"போடலாம் டீச்சர். ஆனா இங்க எந்தத் தாள் வேணும்னு ஏறக்குறைய நாமதான் தெரிஞ்சு கேக்கணும். அங்க கேஸ் நடக்கலாம்னு ஆயிடுச்சுன்னா அவங்களே பெட்டியத் திறந்து கொட்டணும். தனக்குப் பாதகமான தாளையும் காட்டணும்."

வாசுகிக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. "அந்த கோர்ட்டு கிராணிய மன்னிப்புக் கேக்கச் சொல்லுமா?"

தர்ஷினி சங்கடப்பட்டாள். "இல்லக்கா. நஷ்டஈடு குடுக்கச் சொல்லும். மன்னிப்புக் கேக்கச் சொல்ல அவங்க சட்டத்துல எடமில்ல. ஜப்பான்ல ஒருத்தர் பேரைக் கெடுத்தா மன்னிப்புக் கேக்கச் சொல்லி கோர்ட்டே உத்தரவு போடலாம்."

"அப்ப ஜப்பான்ல போடும்மா" என்றாள் வாசுகி. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு தர்ஷினி, மலாய்த் தாள்தானே, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்டிருப்பீர்கள் இல்லையா என்று, பதிலைக் கையில் எடுத்துக் கொடுப்பதுபோல் கேட்டாள். தெரியாது என்று சொன்னால் வழக்குக்கு நல்லது. எனக்கே அது புரிந்தது.

"தெரிஞ்சுதான் போட்டேன். அப்படியே எழுதிக்க. எம்மக காதுக்கு மட்டும் போக வேணாம்."

செத்தவருக்காகக் கேட்கும் வழக்குக்கு நம் நாட்டுச் சட்டத்தில் மூன்று வருடக் கெடு. லண்டனில் நடந்தாலும் அந்தக் கெடுவைத்தான் பார்ப்பார்கள் என்றாள் தர்ஷினி. கெடு முடியப் பதினோரு நாள் இருக்கும்போது வழக்குப் பதிவானது. பதினோரு நாள்தான் பசுபதியும் படுக்கையில் கிடந்தான்.

அதன்பிறகு நடந்ததைச் சட்டம் என்று சொல்வதா, கூத்து என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. லண்டன் கம்பெனி எண்பது பக்கத்துக்கு ஒரு பதில் போட்டது. நாங்கள் வேறு, அந்தத் தோட்டம் வேறு, அங்கே பம்பு ஒழுகினால் எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஆட்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதை எண்பது பக்கம் எழுதியிருந்தார்கள். தேயிலையைக் கொண்டுபோகும்போது மட்டும் பெற்ற தாய், பிணம் விழுந்தால் யாரோ ஒரு தாய். அடுத்த சண்டை எந்த நாட்டுச் சட்டம் என்பது. நீதிபதி லண்டனில் இருந்தாலும் தப்பு நடந்த மலேசியாவின் சட்டப்படிதான் தீர்ப்பு. அப்படியென்றால் மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த நீதிபதிக்கு யாராவது சொல்ல வேண்டும். நம் தரப்பில் ஒரு பேராசிரியர் நூறு பக்கம் எழுதினார். அவர்கள் தரப்பில் இன்னொரு பேராசிரியர், அவரும் நம் நாட்டுக்காரர், அதற்கு நேர்மாறாக நூற்றிருபது பக்கம் எழுதினார்.

இரண்டின் சாரத்தையும் நான் வாசுகிக்குச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பம்பு ஒழுகுனதப் பத்தி யாராச்சும் எழுதுனாங்களா டீச்சர்?"

இல்லை. அந்த இருநூற்றிருபது பக்கத்திலும் பம்பு இல்லை.

அந்த வருடங்களில் அவள் எப்படி இருந்தாள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டவள் என்று தெரிந்தும் தோட்டத்தில் வேலைக்குப் போனாள். கோயிலில் ஆண்டியப்பன் திருநீற்றுத் தட்டோடு வரும்போது பின்வரிசைக்குப் போய்விடுவாள். அவர் கையால் வாங்கியதில்லை. வழியில் பார்த்தால் "வாங்கண்ணே" மட்டும் தவறாது. 2021இல் அவருக்குக் கொரோனா வந்து ஈப்போவில் படுத்தபோது, வாசுகி ஒன்பது நாள் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள். லயமே நெகிழ்ந்துபோனது. இப்படியும் ஒரு நல்ல மனசா என்று மணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"அவரு நல்லா இருக்கணும் டீச்சர்" என்றாள் வாசுகி, திரியைத் தூண்டிக்கொண்டே. "செத்துட்டா அப்புறம் யாரு சொல்லுவா?"

ஆண்டியப்பன் பிழைத்து வந்தார். விளக்குப் போட்ட கதையைக் கேட்டு வீடு தேடி வந்து நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். வாசுகி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

2022 நடுவில் லண்டன் நீதிமன்றம் வழக்கு நடக்கலாம் என்றது. அடுத்த வருடம் கம்பெனியின் பெட்டி திறந்தது. ஒரு மத்தியானம் தர்ஷினி என்னைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு ஆங்கிலக் கடிதங்கள் அனுப்புகிறேன், வாசுகி அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள், பக்கத்திலேயே இருங்கள் என்றாள். அவள் குரல் சரியாக இல்லை. பள்ளி விட்டதும் நேராக லயத்துக்குப் போனேன். தாமரை தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருந்தாள். அடுப்படியில் நின்றபடியே படித்தேன்.

முதல் கடிதம், வியாழக்கிழமை தேதியிட்டது. ஆண்டியப்பன் மேனேஜருக்கு எழுதியது. "ஏழாம் எண் பம்பு ஒழுகுவதாக இந்த ஆள் இரண்டு முறை சொன்னான். அன்று ஒரு நாள் ஓட்டும்படி நான்தான் சொன்னேன். இன்று இரவோ நாளையோ முடிந்துவிடும் என்று தெரிகிறது. வெள்ளிக்குள் முடிந்தால், அவனே குடித்ததாக மனைவியிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். இந்த ஜனங்கள் சனிக்கிழமைக்குப் பிணத்தை வைத்திருக்க மாட்டார்கள்."

மேனேஜர் அதை அப்படியே லண்டனுக்கு அனுப்பியிருந்தார். லண்டனிலிருந்து பதில்: "பார்த்தோம். அவ்வாறே செய்யவும்."

வியாழக்கிழமை பசுபதி உயிரோடு இருந்தான். கண் திறந்து வாசுகியிடம் தண்ணீர் கேட்ட நாள் அது.

"கிராணி எழுதுன கடைசி வரிய இன்னொரு தடவை படிங்க டீச்சர்."

படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறையும் படித்தேன். இந்த ஜனங்களாம். முதலாம் லயத்தில் பிறந்தவன், அவன் அம்மாவைச் சனிக்கிழமை எடுத்தபோது பாடையில் தன் கையால் கோழி கட்டியவன், எழுதுகிறான், இந்த ஜனங்கள். வெள்ளைக்காரன் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நம் பயத்தை நம்மிடமே கற்றுக்கொண்டு அதையே கண்ணியாக வைத்தவனை என்ன செய்தால் தகும்?

இரண்டாவது கடிதம் சிறியது, வெள்ளிக்கிழமை மாலை எழுதியது. "கையெழுத்து வாங்கியாயிற்று. என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். தெரிந்தே போட்டாள். ஐந்து மணிக்கு எரித்தாயிற்று."

வாசுகி அழவில்லை. அடுப்பை அணைத்தாள். "எழுத்துல இருக்குல்ல" என்றாள். "இனி படிச்சா போதும்."

2024 தொடக்கத்தில் கம்பெனி சமாதானம் பேச வந்தது. ஒரு தொகை. எவ்வளவு என்று எழுத எனக்கு உரிமையில்லை, அக்கறையும் இல்லை. தப்பை ஒப்புக்கொள்ள மாட்டோம், தொகையைப் பற்றி வெளியே பேசக் கூடாது, வழக்கு அதோடு முடியும். தர்ஷினி வந்து, அதே குட்டி நாற்காலிகளில் எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் நேர்மையாகச் சொன்னாள். கடைசியில் அவளால் தன் ஆசையை அடக்க முடியவில்லை.

"வாங்கிக்கறதா வேணாமாங்கறது உங்க முடிவுக்கா. ஆனா இந்தக் கடுதாசி ரெண்டும் இருக்கறப்ப தீர்ப்பு வரைக்கும் போனா, நாளைக்கு எங்கயோ ஒரு தேயிலைத் தோட்டத்துல, வேற ஏதோ நாட்டுல ஒருத்தி இதக் காட்டி ஜெயிக்கலாம். சட்டமே ஒரு படி வளரும்."

"எத்தன வருசம் ஆவும்?"

"அப்பீலோட நாலு, அஞ்சு வருஷம். தோத்தாலும் தோக்கலாம்."

"கிராணிக்கு அறுபத்தஞ்சு ஆச்சு" என்றாள் வாசுகி. "சட்டம் வளரட்டும்மா, வேணாங்கல. அது வளர எம் புருஷன்தான் உரமா?"

தர்ஷினி முகம் வாடிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் தர்ஷினி பக்கம்தான் நியாயம் என்று பட்டது, இன்றைக்கும் படுகிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டத்துக்கு எதுவும் கடன்பட்டவள் இல்லை. அவள் அடுத்துக் கேட்டதில்தான் தர்ஷினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கோர்ட்டு சொல்ல முடியாததெல்லாம் சமாதானத்துல எழுதிக்கலாமா?"

"ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா எழுதலாம்."

"அப்ப எழுது. ரெண்டு கடுதாசியையும் ஆண்டியப்பன் அண்ணன் தமிழ்ல படிக்கணும். மலாயிலயும் படிக்கணும், இப்ப பம்பு தூக்குறது பங்களாதேஷ்காரப் பசங்க, அவனுங்களுக்கும் வெளங்கணும். பெரட்டுக் களத்துல, எல்லாரும் நிக்கிறப்ப. லண்டன்லேருந்து ஒரு ஆளு வந்து கேட்டுக்கிட்டு நிக்கணும். சனிக்கெழம. வேற நாளு வேணாம்."

பெரட்டுக் களம் என்பது ஆபீசுக்கு முன்னால் இருக்கும் திடல். விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு லண்டன் ஒத்துக்கொண்டது. தீர்ப்பு வந்தால் "அவ்வாறே செய்யவும்" என்ற அவர்கள் வரி உலகம் முழுக்கப் போகும். பெரட்டில் கிராணி படித்தால் அந்த மலையோடு போகும். தங்கள் தலை தப்ப அவர் தலையைக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அவர் இருந்தது கம்பெனி கொடுத்த கிராணி வீடு. அவருக்கு வைத்திருந்த வழக்கறிஞரும் கம்பெனி ஆள். படிக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் கால் ஊன்ற இடமில்லை. சனிக்கிழமை என்று ஏன் கேட்டாள் என்பதை லண்டன்காரர்கள் கேட்கவே இல்லை. வார இறுதி, எல்லோருக்கும் வசதி என்று நினைத்துவிட்டார்கள்.

கடிதங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

படிக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில், ஆண்டியப்பன் வாசுகியின் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே இருந்தேன். தாமரை குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மனிதர் இளைத்திருந்தார். உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ரெண்டாவது கடுதாசியும் வரும். தெரிஞ்சே போட்டாள்னு வரும். மகளுக்குத் தெரியுமா?"

வாசுகி குழாயடிப் பக்கம் பார்த்தாள்.

"பதினேழு வயசுப் புள்ள. தாங்குமா? நீ சரின்னா ரெண்டாவதப் படிக்காம விட்டுர்றேன். முதல்ல இருக்குற அந்தச் சனிக்கெழம வரிய மட்டும் நானும் விட்டுர்றேன். ஊருக்குள்ள பொழங்கணும்ல நானும். உனக்காகத்தான் சொல்றேன்."

எட்டு வருடம் அவள் மறைத்துவைத்த ஒன்றை எடுத்து விலை பேசுகிறார். வாசுகி எழுந்து போய்த் தேநீர் போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டையும் படிங்கண்ணே. ஒரு எழுத்து விடாமப் படிங்க" என்றாள். "தேத்தண்ணி ஆறுது. பயப்படாமக் குடிங்க. எங்க வூட்ல யாரும் மருந்து குடிக்கிற பழக்கம் இல்ல."

அவர் குடிக்கவில்லை. எழுந்து போனார். "தாமரைகிட்ட முன்னாடியே சொல்லிடேன்" என்றேன். வாசுகி தம்ளரை எடுத்துத் தேநீரைக் கொட்டினாள். வெள்ளிக்கிழமை முழுக்கச் சொல்லப் பார்த்தாளாம், வரவில்லையாம்.

சனிக்கிழமை ஆறரை மணி. பனி இறங்கியிருந்தது. களத்தில் எழுபது எண்பது பேர். லண்டனிலிருந்து வந்த இளம் வழக்கறிஞன் மெல்லிய கோட்டோடு நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்; யாரும் அவனுக்கு நாற்காலி போடவில்லை. தர்ஷினி வந்திருந்தாள். வாசுகி ஒரு மூங்கில் கூடையைத் துணி போட்டு மூடிக்கொண்டுவந்து தாமரையின் கையில் கொடுத்தாள். உள்ளே ஏதோ அசைந்தது.

"என்ன வாசுகி?"

"கோழி டீச்சர்."

ஆண்டியப்பன் ஆபீஸ் படியில் ஏறி நின்றார். அதே படியில் நின்றுதான் முப்பது வருடம் பெயர் கூப்பிட்டார். கம்பெனி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்ற ஒரு வரியை முதலில் படித்தார். பிறகு கடிதம். ஏழாம் எண் பம்பு ஒழுகுவதாக இந்த ஆள் இரண்டு முறை சொன்னான். களத்தில் இருந்த இருமல்கூட நின்றது. அன்று ஒரு நாள் ஓட்டும்படி நான்தான் சொன்னேன். மணியம்மா "அடப்பாவி" என்றாள், மெதுவாக. சனிக்கிழமை வரி வந்தபோது அவர் நின்றார். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"படிங்கண்ணே" என்றாள் வாசுகி.

படித்தார். இந்த ஜனங்கள் என்று அவர் வாயால், அந்த ஜனங்களுக்கு முன்னால். இரண்டாவது தாளைப் பிரித்தபோது அவர் கண் ஒருமுறை தாமரையிடம் போய்விட்டு வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். அடுத்த வரியில் குரலை இறக்கினார்.

"கேக்கல. சத்தமா" என்றாள் வாசுகி.

"தெரிந்தே போட்டாள்" என்று படித்தார் ஆண்டியப்பன்.

தாமரை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வாசுகி நேர் எதிரே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். மலாயிலும் படித்து முடிக்கும்வரை அந்தப் பெண் அம்மா முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பம்பு தூக்கும் பையன்கள் மலாய் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்தானேம்மா?" என்று தாமரை கேட்டாள்.

"கொதிச்ச" என்றாள் வாசுகி. "மறுநாளு சனிக்கெழம."

வாசுகி கூடைக்காகக் கையை நீட்டினாள். மகள் கொடுக்கவில்லை. துணியை எடுத்துவிட்டுக் கால் கட்டிய கோழியைக் கயிற்றோடு தூக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் நடந்துபோய் ஆபீஸ் படிக்குக் கீழே நின்றாள். அதற்காகத்தான் கோழி என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளை, சொல்லவா வேண்டும்?

"இன்னிக்குச் சனிக்கெழம மாமா" என்றாள், கயிற்றை அவர் கையருகே நீட்டி. "தனியாப் போகாதீங்க."

நான் அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள். அந்த முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை.

லண்டன் பையன் தர்ஷினியிடம் என்ன இது என்று கேட்டான். இது ஒப்பந்தத்தில் இல்லை என்று மட்டும் அவள் சொன்னாள். ஆண்டியப்பன் களத்தைச் சுற்றிப் பார்த்தார். யாராவது ஒருவர், ஏம்மா இப்படி, பெரியவரை விடு என்று சொல்வார்கள் என்று பார்த்தார். மணியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயில் கமிட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

படியிறங்கிக் கிராணி வீட்டுப் பக்கம் நடந்தார். முன்பெல்லாம் பெரட்டு முடிந்தால் நாலு பேராவது பேசிக்கொண்டே அவரோடு போவார்கள். அன்றைக்கு வீடுவரை அவரோடு போனது அந்தக் கோழி மட்டும்தான்.